ரீடச்சிங் மேஜையில் நட்சத்திர மண்டலங்கள்

பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். வானத்து விஷயத்தைத் தொட்டு எழுத எனக்கு அருகதை இல்லை. ஆனால் அன்று பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் தெப்பக்குளம் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டார்க்ரூம் வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்துக் கல்லூரி வாத்தியார் ஒருவர் இரவல் வாங்கிய படமொன்றைக் கொண்டுவந்தார். மறுநாள் மாலை அங்கே பள்ளிக்கூடத்தில் அவர் பேச்சு. திரையில் காட்டக் கண்ணாடி ஸ்லைடு வேண்டும். படத்தில் முட்டை வடிவில் மங்கலான திட்டுகள், கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே. ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திர மண்டலமாம். பக்கத்திலேயே அதனதன் வெளிச்சத்தைப் பிரித்து எடுத்த ஒளிப்பட்டை, பட்டையில் இரண்டு கறுப்புக் கோடு. கோடுகள் இருக்கவேண்டிய இடத்தைவிட்டு எவ்வளவு தள்ளிப் போயிருக்கின்றனவோ அவ்வளவு வேகமாக அந்த மண்டலம் விலகி ஓடுகிறது, அவ்வளவு தூரத்திலும் இருக்கிறது என்றார்.

நான் நெகட்டிவ் எடுத்ததும் அசலை வாங்கிப்போய்த் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். நான் சாப்பிட்டு வருவதற்குள் முதலாளி நெகட்டிவோடு ரீடச்சிங் மேஜையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பை மறைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கை சும்மா இருக்குமா?

சாயங்காலம் வாத்தியார் வந்து நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கோடெல்லாம் எங்கே ஓய்?"

"நெகட்டிவ்ல பட்டைக்கு ரெண்டு வெள்ளைக் கீறல் இருந்துச்சு சார். பென்சில் போட்டு மூடிட்டேன். எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!"

"அந்தக் கீறலைக் காட்டத்தான் நான் பேசவே போறேன்! கடைசி மண்டலம் எங்கே?"

"அந்தக் கறுப்புப் புள்ளியா? அழுக்குன்னு கத்தியால சுரண்டிட்டேன்."

"சுரண்டிட்டேளா!"

"பென்சிலைத் துடைச்சிரலாம் முதலாளி" என்றேன்.

"என் கைவேலையையா? கீறலோட ஸ்லைடு வெளியே போனா ஊர் சிரிக்காது?"

"வெறும் பட்டையைக் காட்டி நான் எந்த வேகத்தை அளக்கறது? என்னைப் பார்த்துன்னா சிரிப்பா!"

என் தலைக்கு மேலே இருவரும் விளக்கு வைக்கும் நேரம்வரை கத்தினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில் முதலாளி இறங்கி வந்தார்: "துடைச்சுக்கோ. ஆனா நம்ம ஸ்டுடியோ சீல் அதுல இருக்கக் கூடாது."

பஞ்சை டர்பன்டைனில் நனைத்துத் துடைத்தேன். கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சுரண்டியது வரவில்லை. அப்படியே ஸ்லைடு போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் பேச்சு நடந்தது. கடைசிப் பட்டைக்குப் பக்கத்தில் மண்டலம் எங்கே என்று யாரும் கேட்கவில்லையாம்.