கூட்டி வைத்த முற்றம்

நான் கிராம அலுவலராக, ஊர் வழக்கில் விதானையாராக, இருந்த காலத்தில் ஒரு பொய்யை எழுதிக் கையொப்பம் இட்டேன். அதனால் மாரிக்காலம் முழுவதும் ஒரு பெண் கூரையில்லாமல் தறப்பாள் விரிப்பின் கீழ் இருந்தாள்.

எங்கள் கரையில் அன்று வீசியது ஒரு சுழல்காற்று. கடற்கரையோரச் சிறு தெருவான ஒழுங்கை ஒன்றில் மட்டும் புகுந்து மூன்று வீடுகளின் கூரையைத் தூக்கி எறிந்தது. மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தார்.

"ஒரு ஒழுங்கைக்குள்ளை அடிச்ச காத்தைப் புயலெண்டு கொழும்புக்கு எப்பிடி அனுப்பிறது, விதானையார்? பாத்து எழுதுங்கோ."

இரண்டு வீட்டுக்காரருக்குப் பணம் அனுப்ப வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாவது, கணவனைக் கடலில் இழந்த ஒருத்தியின் வீடு. அரசாங்க ஆள் வருகிறார் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் முற்றம் கூட்டுவார்கள். அவளும் கூட்டியிருந்தாள். முறிந்த தடிகளையும் நெளிந்த தகரங்களையும் வேலியோரம் அடுக்கி, தண்ணீர் தெளித்து, நான் உட்கார இரவல் கதிரை ஒன்றும் போட்டிருந்தாள். கூரைக்குப் பதில் தறப்பாள்.

"வீடு அலங்கோலமாக் கிடக்கு, குறை நினைக்காதேங்கோ ஐயா. மாரிக்கு முதல் தகரம் கிடைச்சாப் போதும்."

அவள் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, "சேதம் சிறியது, சீர்செய்யப்பட்டுவிட்டது" என்று எழுதினேன். நெளிந்த தகரங்களை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கதிரைக்கு நேரேதான் கிடந்தன. மாவட்டமே நனைந்தால்தான் உதவியா, ஒரு வீடு நனைந்தால் இல்லையா என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டிருந்த இடமாற்றம் அவர் கையில் இருந்தது. பயந்தேன். இடமாற்றம் கிடைத்தது. அவள் கருவாடு விற்று, அடுத்த வருடம்தான் கூரை போட்டாள்.

ஓய்வுபெற்றுப் பல வருடங்களுக்குப் பின் நாடு முழுவதையும் அடித்த புயல் வந்தது. உதவி உடனே அறிவிக்கப்பட்டது. அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு பனை கூரையைப் பிளந்து கிடந்தது. முற்றத்தில் நனைந்த பாய், கவிழ்ந்த பானைகள். நாலு நாளாக அவள் எதையும் அசைக்கவில்லை. இரவில் அயல் வீட்டில் படுத்துக்கொண்டாள்.

"பிள்ளை, ஆக்களைக் கூட்டியந்து மரத்தை வெட்டுவிக்கிறன்."

"தொடாதேங்கோ. புது விதானையார் வந்து பாக்கட்டும். போனமுறை கூட்டி வைச்சுத்தானே கெட்டன்."

அன்று எழுதியது பொய் என்று அவளிடம் சொன்னேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் ஐயா. தேத்தண்ணி குடிக்கேக்கை நீங்கள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை."

அன்றைய சேதத்தின் உண்மையை எழுதிக் கையொப்பமிட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். அந்தப் பழைய காற்றுக்கு இனி எதுவும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. புதிய அலுவலர் பனையைப் பார்த்து "முழுச் சேதம்" என்று எழுதினார். தகரம் வந்தது.

கூரை போட்ட அன்று காலையில் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போகச் சொல்லவில்லை. வேலையாட்கள் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். எனக்குத் தரவில்லை. வேலை முடியும்வரை ஏணியை விடாமல் நின்றேன்.