திங்கட்கிழமை ஜெபமும் மிஸ் ஐவியின் காலும்

நவ்லெட் ஈபேங்க்ஸ் மாணவர் தலைவியாக இருந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு வட்டப் பாடத்தைப் பாதிகூட என்னால் நடத்த முடியவில்லை. எங்கள் மொரேவியன் சபைப் பள்ளியில் திங்கட்கிழமை காலை கூட்டு ஜெபம். நடத்துவது தலைவி. அது முடிந்ததும் முதல் பாடவேளை கணக்கு, அதாவது நான். ஜெபம் முடிந்தால்தானே?

நவ்லெட் மீனவர் மகள், நல்ல குள்ளம். சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் ஜெபிப்பாள். அதற்கு முன் மண்டப வாசலில் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, யார் யாருக்காக வேண்ட வேண்டும் என்று காதில் ஓதுவார்கள். ஒருவனின் மாமாவுக்கு மூச்சிரைப்பு, ஒருத்தி வீட்டுக் கழுதைக்குக் கண்வலி. அவள் ஒன்றையும் விடமாட்டாள். கண்ணை இறுக மூடி, கழுதையைப் பெயர் சொல்லிக் கர்த்தரிடம் ஒப்படைப்பாள். நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன்.

தேர்தலில் அவளை எதிர்த்து நின்ற பையன் பேச்சுப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவன். அவனுடைய நண்பர்கள்கூட அவனுக்கு ஓட்டுப் போடவில்லை. கணக்கு வகுப்பை விழுங்கும் ஜெபத்துக்கு விழுந்த ஓட்டு அது என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும். நவ்லெட்டுக்கு மட்டும் தெரியாது. அவள் தலைவி பேட்ஜை தினமும் துடைத்துக் குத்திக்கொண்டு வருவாள். சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்துத் துணிகளைத் துவைக்க நாலு பேரை இழுத்துக்கொண்டு போவாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை என் பொறுமை போயிற்று. ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"உன் பக்திக்கு யாரும் ஓட்டுப் போடலை, நவ்லெட். நீ இழுக்கிற இழுப்புக்குத்தான் போட்டாங்க."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. பேட்ஜைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்: "அப்போ கிர்க்லண்ட் அம்மாவோட கால், சார்?"

கிர்க்லண்ட் பார்ச்மென்ட் கடைசி பெஞ்சு ராஜா. பள்ளி திறந்ததிலிருந்து அவன் அம்மாவின் முழங்காலுக்காக வாரம் தவறாமல் வேண்டிக்கொண்டிருந்தோம். நேரில் போய்ப் பார்க்கிறேன், அது பொய்யென்றால் இந்த பேட்ஜ் எனக்கு வேண்டாம் என்றாள் நவ்லெட். மறுநாள் என் காரிலேயே அழைத்துப் போனேன். நான் சொன்னதே சரி என்று கண்ணால் பார்க்கத்தான், வேறென்ன?

அவள் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு பொட்டலம் பேமி என்கிற மரவள்ளி ரொட்டி, கூடவே சபையில் கேட்டு வாங்கிய, கக்கத்தில் வைத்து நடக்கும் கட்டை ஒரு ஜோடி. நாங்கள் போய் இறங்கியபோது கிர்க்லண்டின் அம்மா மிஸ் ஐவி வெங்காயத்தாள் பாத்திகளைத் தாண்டித் தாண்டிக் குதித்து ஓர் ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

ஆட்டை விரட்டிவிட்டு, மூச்சுகூட வாங்காமல் வந்து கேட்டாள்: "யாருக்கும்மா இந்தக் கட்டை?"

நவ்லெட்டுக்குப் பொய் வராது. "உங்களுக்குத்தான், மிஸ் ஐவி. ஸ்கூல் திறந்ததுலேர்ந்து எல்லாரும் உங்க முழங்காலுக்காக ஜெபம் பண்றோம்."

மிஸ் ஐவி தன் காலைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிய மகனைப் பார்த்தாள். "அதான் இந்த வருஷம் எனக்கு ஒரு முள்ளுகூடக் குத்தலையா? சரி, கட்டையை இங்கேயே வச்சுட்டுப் போ. நான் இவனைக் கவனிச்சு முடிச்சதும் இவனுக்குத் தேவைப்படும்."

திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. பக்கத்தில் அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன். இறங்கும்போது பேட்ஜைக் கழற்றி, பிரின்சிபாலிடம் கொடுத்துவிடச் சொல்லி என் கையில் வைத்தாள். இந்தத் திங்கள் ஜெபத்தோடு சரி என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் கட்டை விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்தது. வேண்டச் சொன்னால் நவ்லெட் சனிக்கிழமை வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று பயந்து, திங்கள் காலை ஒரு பிள்ளையும் வாசலில் நிற்கவில்லை. கிர்க்லண்ட் மட்டும் வந்தான். நல்லவேளை, சொந்தக் காலில்தான் வந்தான்.

"எங்கப்பாவுக்காக வேண்டிக்கோ. கனடாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவரு. ஈஸ்டருக்கு அப்புறம் போனே இல்ல."

நவ்லெட் அவனை நம்பாமல் பார்த்தாள். "இதுவும் காலு மாதிரியா?"

"இல்ல. இதைச் சொல்ல முடியாமத்தான் காலைச் சொன்னேன்."

அவள் பெட்டிமேல் ஏறினாள். கிர்க்லண்டின் அப்பா பெயரைச் சொன்னாள். அவருக்குக் குளிராமல் இருக்கட்டும், வீட்டு போன் நம்பர் மறக்காமல் இருக்கட்டும் என்றாள். ஆமென். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கடைசி பெஞ்சுக்காரர்கள் தலை நிமிரவில்லை. யாரும் நகரவில்லை. மணி அடித்தும் நகரவில்லை.

நான் முன்னால் போய் சட்டைப் பையிலிருந்த பேட்ஜை எடுத்து நீட்டினேன்.

"சார், உங்க பீரியட் போயிட்டிருக்கு," என்றாள்.

"போகட்டும். முதல்ல இதைக் குத்திக்கோ."