சந்தனக் காப்பும் இரண்டு மானிட்டரும்

எங்கள் ஸ்டுடியோ திருப்பனந்தாள் பக்கம் ஒரு கடைத்தெருவில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம், எதுவானாலும் படம் எடுப்பது என் வீட்டுக்காரர். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஆல்பமாக அடுக்குவது நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். அவர்தான் இதெல்லாம் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டும் இருக்கிறார்.

மேஜைமேல் இரண்டு மானிட்டர்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், தஞ்சாவூரில் ஒன்றாக வாங்கி ஒரே வண்டியில் வந்தவை. ஆனால் ஒரு படத்தை இரண்டிலும் போட்டால் இரண்டு படம். அவருடையதில் எல்லாரும் கொஞ்சம் நீலம் பாய்ந்து, மார்கழிப் பனியில் நின்றவர்கள் போல இருப்பார்கள். என்னுடையதில் முகமெல்லாம் சிவந்து கிடக்கும். உன் மானிட்டருக்கு ஜுரம் என்பார் அவர். உங்களுடையதுக்கு ஜலதோஷம் என்பேன் நான். ஆல்பம் பார்க்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாப்பிள்ளை அவர் திரையில் சற்று வெளுப்பாகத் தெரிவார் என்பதைக் கண்டுபிடித்து, மாப்பிள்ளை வீட்டார் நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பெண்வீட்டார் கூறைப்புடவையின் அரக்கு எடுப்பாகத் தெரிகிறது என்று என் பக்கம் வந்துவிடுவார்கள். நடுவில் நாங்கள் இருவரும் சம்பந்தி மாதிரி முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம்.

கடைசியில் அவர் ஒரு கேலிபிரேட்டர் வாங்கினார். குங்குமச் சிமிழ் அளவுக்குக் கறுப்பாக ஒரு கருவி. நடுவில் சின்னக் கண்ணாடி. அதுதான் அதன் கண். மானிட்டர்மேல் அதைத் தொங்கவிட்டால், திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறி வரும். கருவி ஒவ்வொன்றையும் பார்த்து, கூடுதல் குறைச்சலைச் சொல்லும். கம்ப்யூட்டர் அதன்படி திருத்திக்கொள்ளும். இரண்டு திரைக்கும் இப்படிச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அது வந்து சேர்ந்தபோது நவராத்திரி. விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து ஆரம்பிக்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டார். சாமி விஷயத்தில் என்னைக் கேலி செய்கிற மனுஷன், நல்ல நேரம் மட்டும் என்னைக் கேட்காமலே பார்த்துக்கொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அம்மனுக்குச் சந்தனக் காப்பு. வருஷாவருஷம் அது ஆற்றங்கரைத் தெரு ஐயாவின் உபயம். நிலபுலன் உள்ளவர், வாய்த்துடுக்கு அதைவிட அதிகம் உள்ளவர். உபயம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் தரிசனத்தைத் தவறவிட்டதில்லை. இந்தத் தடவை பார்த்து அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கூட்டம் கூடாது, கற்பூரப் புகை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐயா எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி என் வீட்டுக்காரரை வரவழைத்துச் சொன்னாராம்:

"தம்பி, அன்னிக்கு அவ எப்படி நின்னாளோ அப்படியே எனக்குக் கொண்டாந்து காட்டணும். நீ பாட்டுக்குக் கல்யாணப் பொண்ணுக்குப் பூசுற மாதிரி பவுடர் பூசிடாத."

இவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு நானும் கோயிலில் இருந்தேன். அரைத்த சந்தனத்திலேயே அம்மன் முகம், அதில் வெள்ளிக் கண்மலர், சிவப்பு அரளி மாலை. இவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார், நான் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கடையில் இருக்கிற ஒரு சாமானையும் விடாமல் பொட்டு வைக்கிற வேலை அவருடையது. கேமரா, ஸ்டாண்டு, இரண்டு மானிட்டர், மௌஸ், பைக், கூட்டுகிற துடைப்பம் உள்பட எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் சுண்டலும் பொரியும் எடுத்து வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டேன். நன்றாகத்தான் நடந்தது.

மறுநாள் விஜயதசமி. பொட்டையெல்லாம் துடைத்துவிட்டு, குளித்து விபூதி பூசிக்கொண்டு கருவியை மாட்டினார். முதலில் என் மானிட்டர், அப்புறம் அவருடையது. முடிந்ததும் அம்மன் படத்தை இரண்டிலும் போட்டார். இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருந்தன. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அம்மன் முகம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது.

"ஏங்க, இது சந்தனக் காப்பா, விபூதிக் காப்பா?" என்றேன்.

மெஷின் சொல்வதைவிடவா உனக்குத் தெரியும், கோயிலில் வெளிச்சம் அப்படி, கேமரா அப்படித்தான் பிடித்திருக்கும் என்றார். கேமராமேல் பழியைப் போட்டுவிட்டு, சந்தன நிறம் வருகிறவரைக்கும் படத்தில் மஞ்சளைக் கூட்டினார். திரையில் அழகாகத்தான் வந்தது. கும்பகோணத்துக்கு அனுப்பிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிப் பிரித்தால், அம்மன் மஞ்சள் காப்பில் நிற்கிறாள். பசுமஞ்சளை அரைத்து அப்பின மாதிரி.

அவருக்கு முகம் செத்துவிட்டது. ஐயாவிடம் இதைக் கொண்டுபோனால் தெருவே கேட்கும். அதுகூடப் பரவாயில்லை, தரிசனத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்கிற மனுஷருக்கு, நடக்காத அலங்காரத்தை நடந்ததாகக் காட்டுவதா என்றேன் நான். மறுபடியும் முதலிலிருந்து பார்க்கிறேன் என்று கருவியை எடுத்தார். ஜன்னல் வெயிலில் திருப்பினவர் அப்படியே நின்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டி நுனியால் எதையோ மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

போய் வாங்கிப் பார்த்தேன். கருவியின் கண்ணில், ஈரத்துணிக்கும் போகாமல், மெல்லிசாகச் சந்தனம் காய்ந்து படிந்திருந்தது. பூஜையன்று அதற்கு நெற்றி எது என்று தேடியிருக்கிறார். கண்ணாடி வட்டமாக, தோதாக இருந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் கேமரா லென்ஸில் கை படவிடாத மனுஷர்! அந்தக் கருவி பாவம், சந்தனத்துக்குள்ளிருந்து பார்த்து, உலகமே மஞ்சளாக இருக்கிறதென்று பயந்து, இரண்டு திரையிலும் நீலத்தை ஏற்றிவிட்டிருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன, ஒரே மாதிரி தப்பாக.

"அம்மனுக்குச் சாத்துறதை அதோட கண்ணுக்குச் சாத்திட்டீங்களே" என்றேன்.

"பக்தி" என்றார், தலையைத் தூக்காமல்.

கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, இரண்டு திரையையும் மறுபடி சரிசெய்தோம். மஞ்சள் ஏற்றாத பழைய படத்தைப் போட்டதும் என்னையறியாமல் கை கன்னத்துக்குப் போனது. அன்று பார்த்த அதே முகம், அதே நிறம், இரண்டிலும். புதுப் பிரிண்டும் அப்படியே வந்தது. அன்று சாயங்காலமே பைக்கில் எடுத்துக்கொண்டு போனோம். இருபக்கமும் சம்பா நடவு முடிந்த வயல், மழைத்தண்ணீர் நின்றது. வழியெல்லாம் அம்மனையே வேண்டிக்கொண்டு போனேன்.

ஐயா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு மற்றதைப் பொத்தினார். மறுபடியும் மாற்றினார். இவர் என் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார்.

"என்ன தம்பி இது? இந்தக் கண்ணுல பாத்தா சந்தனக் காப்பு, அந்தக் கண்ணுல பாத்தா மஞ்சக் காப்பு!"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். மஞ்சள் பிரிண்ட் வீட்டில் பீரோமேல் இருப்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். உள்ளேயிருந்து ஐயாவின் சம்சாரம்தான் வந்து விளக்கினார். ஆபரேஷன் ஆனது ஒரு கண்தானாம். மற்றதில் இன்னும் புரை இருக்கிறதாம். அந்தக் கண்ணில் வெள்ளை வேட்டிகூடப் பழுப்பாகத்தான் தெரிகிறது என்று தினமும் வண்ணானோடு சண்டையாம்.

அப்போதுதான் இவருக்கு மூச்சு வந்தது. சந்தனம் தெரிகிற கண்தான் சரியான கண், ஐயா என்றார். அந்த அம்மா தலையசைத்தார். ஐயா அதற்குள் கையை எடுத்துவிட்டிருந்தார்.

"ரெண்டையும் தொறந்தா எப்படிங்க தெரியுது?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டையும் தொறந்தா அம்பாளாத் தெரியிறாம்மா" என்றார். படத்தை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு, நீ கிட்ட நின்னு பாத்தியா, கூட்டம் எப்படி, மாலை யார் கட்டினது என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார். விளக்கு வைக்கிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்துக்கிட்ட வண்டி ஒரு மாதிரி ஆடியது. முன்னால் எட்டிப் பார்த்தேன். வயலைப் பார்த்துக்கொண்டு ஒரு கண்ணை மூடியிருந்தார். முதுகில் ஒன்று வைத்தேன்.