தராசின் சிவப்பு விளக்கு

முதலமடையில் மாங்காய்க் காலம் வந்துவிட்டால் என் கால் ஓரிடத்தில் நிற்காது. நான் போவதற்குள் வேறு வியாபாரி தோப்புக்குள் நுழைந்துவிடுவானோ என்று பதறுவேன். எலக்ட்ரானிக் தராசைச் சார்ஜில் போட்டு, சிவப்பு விளக்கு எரியும்போதே பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் தோப்பில் கூடையைத் தூக்கி வைத்ததும் தராசின் எண்கள் அணைந்தன. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத பேட்டரி. நேரே வேலந்தாவளம் போய்ப் பேட்டரிக் கடைக்காரரிடம் கத்தினேன்.

"ஏனுங்க, ஒரு நாளாச்சும் பச்சை லைட் வர்ற வரைக்கும் உட்டீங்களா? அரைகுறையாவே ஏத்தி ஓட்டுனா, உள்ள ஈயத் தகட்டுல உப்பாட்டம் படிஞ்சு இறுகிருமுங்க. அப்பறம் எத்தன ஏத்துனாலும் நிக்காது" என்றார்.

புதிய பேட்டரியோடு மறுநாள் காலை சிவப்பு விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். எழுந்தேன். வாசல்வரை போய்த் திரும்பினேன். மனைவி சாயாவை நீட்டினாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து நீங்க ஒரு சாயாவ முழுசாக் குடிச்சதில்ல. நான் சொல்லிக் கேக்கல. பேட்டரி செத்துத்தான் சொல்ல வேண்டியிருக்குது."

அப்போது போன் அடித்தது. தோப்புக்காரர்.

பாதிச் சாயாவைக் கீழே வைத்தேன். என் கை ஏற்கெனவே பிளக்கின் மேல் இருந்தது. விளக்கு இன்னும் சிவப்புதான்.