நிலைவாசலில் அழுகிய எலுமிச்சம்பழம்

எங்கள் திண்டிவனத்து வீட்டு நிலைவாசலில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. மழைக்காலத்தில் பூஞ்சை பூத்து, கறுத்து, கொழகொழவென்று ஒழுகியது. குனிந்துதான் வெளியே போவேன். ஒவ்வொரு தடவையும் குமட்டும். அண்ணியைப் பிடித்த பேய் இறங்கும்வரை அதைக் கழற்றக் கூடாது என்பது பூசாரியின் உத்தரவு. அவனுக்கு மேல் என் அம்மாவின் உத்தரவு.

அண்ணிக்குப் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை வெயிலில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாள், அவ்வளவுதான். கண் விழித்தபோது சுற்றிலும் ஆண்கள். முந்தானை விலகிக் கிடந்தது. தண்ணீர் தெளிக்க ஆளில்லை, வேடிக்கை பார்க்க மட்டும் அத்தனை பேர். அன்றிலிருந்து வாசலைத் தாண்டினாலே நெஞ்சு படபடக்கும், கைகால் விறைக்கும், செத்துப்போய்விடுவேன் என்று உள்ளே ஓடி வந்துவிடுவாள். டாக்டரிடம் காட்டத் துப்பில்லாமல் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். சாராய நாற்றத்தோடு அந்த ஆள் அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்கி வேப்பிலையால் அடித்தான். "பேய் புடிச்சவகிட்ட புள்ளைய விடக்கூடாது" என்று அம்மா, பால்குடி மறக்காத குழந்தையை விழுப்புரத்திலிருந்த அண்ணியின் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அண்ணன் வாயில் கொழுக்கட்டை. பெற்றவளாக இருந்தாலும், கூடப்பிறந்தவனாக இருந்தாலும் சொல்கிறேன், சீ என்றிருந்தது.

குழந்தையைப் பார்க்க வேண்டுமானால் அண்ணி அந்த பஸ் ஸ்டாண்டில்தான் போய் இறங்க வேண்டும். எதிர்வீட்டுப் பூக்காரம்மாதான் முதலில் கை நீட்டியது. "பேயாவது மண்ணாவது. பயம் கண்ணு. நாங்க கூட வர்றோம், வா." அம்மா கோயிலுக்குக் கிளம்பியதும் நாங்கள் இருவரும் அண்ணியின் இரண்டு பக்கமும் நிற்போம். முதலில் வாசற்படி. பிறகு தெருக்குழாய். "திரும்பிடலாம் பாப்பா" என்று அண்ணி சொன்னால் திரும்பிவிடுவோம்; ஒரு நாளும் இழுத்ததில்லை. பாதித் தெருவில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். மறுநாள் அவளே செருப்பை மாட்டுவாள். மல்லாட்டைக் கடலை அறுவடை வந்தபோது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

அண்ணியும் நானும் விழுப்புரம் கிளம்பிய அன்று பூக்காரம்மா மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டியது. அண்ணி வெளிறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். "அடச்சீ, இது பேய்க்கு இல்ல, வாந்திக்கு. பஸ்ஸுல மோந்துக்கினு போ!" அதைக் கேட்டு அண்ணி சிரித்தே விட்டாள்.

பாதி வழியில், விக்கிரவாண்டியில் இறங்கிவிடலாம் என்றாள். நான் எழுந்துவிட்டேன், அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். விழுப்புரத்தில் மூத்திர நாற்றம், அழுகிய பழத்தோல், பல்லிளிக்கும் அதே கூட்டம். நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அண்ணி பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, விழுந்த இடத்தைத் தாண்டி நடந்தாள். தாய்வீட்டில் குழந்தை அவளிடம் வரவில்லை. பழத்தை நீட்டினாள். பந்து என்று நினைத்து வாங்கிக்கொண்டது. பழத்தோடு சேர்த்து அதைத் தூக்கிக்கொண்டாள்.

இப்போது அண்ணி பேத்தியைப் பார்க்கத் தனியாகவே பஸ் ஏறுகிறாள், பையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு. எனக்கோ எந்த வாசலில் அது தொங்கினாலும் இன்னும் குமட்டுகிறது. உடனே அந்தச் சாயங்காலமும் நினைவுக்கு வரும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அண்ணி, நிலையிலிருந்த அந்தக் கண்றாவியைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தாள். "ஏய், பேய் இன்னும் இறங்கலடி!" என்று அலறினாள் அம்மா.

"இறங்கிடுச்சி அத்த. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுலயே இறங்கிடுச்சி."