மூக்கக்காவின் லைட்டர்

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரே இழுப்பு. அடுத்து, உறையின் உள்மடிப்பில் நகக்கண் அளவு வெட்டி, இடுக்கியில் பிடித்து, லைட்டரைத் தட்டுவார் மூக்கக்கா. முடி கருகிய வாடை வந்தால் நிஜத் தோல். பிளாஸ்டிக் வாடை என்றால் தோல் இல்லை. அதன்பிறகுதான் அந்தக் கட்டோடு வந்த டேப்லெட் கணினி உறைகள் இடது தட்டுக்குப் போகுமா, வலது தட்டுக்குப் போகுமா என்பது முடிவாகும். பெட்டியில் அச்சடித்திருப்பதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "பெட்டி என்ன வேணா சொல்லும். அதுக்கு வாயா வலிக்குது?"

வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது கடை. இரண்டு பேர் வந்துவிட்டால் மூன்றாமவர் வெளியே நின்று எட்டித்தான் பார்க்க வேண்டும். மூக்கக்கா என்று பெயர் வைத்தவர் எதிரே சார்ஜர் விற்கிறவர். முதலில் கோபம் வந்ததாம். இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று சும்மா இருந்துவிடுகிறார்.

தோல் வேண்டாம் என்கிறவர்களை ஏன் என்று கேட்காமல் விடமாட்டார். "கோவிச்சுக்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்." பண்ணை வீடியோ ஒன்றைப் பார்த்து மூன்று நாள் தூங்கவில்லை என்றாள் ஒரு கல்லூரிப் பெண். மாட்டைக் கறிக்காகத்தான் வெட்டுகிறார்கள், தோலை வீணாக்குவதுதான் பாவம் என்று ஒரு வக்கீல் அரைமணி நேரம் வாதாடி, நிஜத் தோலாகவே வாங்கிப் போனார். பிளாஸ்டிக் மட்டும் மண்ணில் மக்கிவிடுமா என்று கேட்டுவிட்டு ஒன்றுமே வாங்காமல் போனவரும் உண்டு. எல்லாவற்றையும் வீட்டில் கணவரிடம் அப்படியே ஒப்பிப்பார். "சரி, நீ எந்தக் கட்சி?" என்பார் கணவர். "நான் மூக்குக் கட்சி. எது எதுன்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சுது." அந்தக் கணவர் கடைக்கு வந்தால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், லைட்டரைத் தவிர. சோதிக்கிற வேலையில் இன்னொரு கை பட்டால் மூக்கக்காவுக்குப் பொறுக்காது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மாட்டு டாக்டரம்மா வந்தார். தோல் இல்லையே, இல்லையே என்று மூன்று முறை கேட்டார். "கன்னுக்குட்டிய இழுத்து வெளிய எடுக்கிற கைங்க இது. அதே கையில தோலைப் பிடிச்சுக்கிட்டு என்னால எழுத முடியாது." மூக்கக்காவுக்கு மனசு இளகிவிட்டது. "ஒரு பொட்டுத் தோல் கிடையாது. என்னை நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார்.

போன வாரம் தட்டைத் துடைத்தபோது, டாக்டரம்மாவுக்குக் கொடுத்த அதே கட்டில் மிஞ்சியிருந்த உறையிலிருந்து பேனா செருகும் வளையம் பிய்ந்து கையோடு வந்தது. கை தன்னால் மூக்குக்குப் போனது. மூக்கை அவரே நம்பவில்லை. லைட்டரைத் தட்டினார். முடி கருகிய வாடை குப்பென்று வந்தது. இத்தனை வருடமும் உறையின் உடம்பைத்தான் சோதித்தார், ஒருநாளும் வளையத்தைச் சோதித்ததில்லை. எங்கேயோ மிஞ்சிய தோல் துண்டை எவனோ அதில் தைத்துவிட்டிருக்கிறான்.

"இத்தனூண்டு வளையம்க்கா. அவங்களுக்கு எங்க தெரியப்போகுது, விடுங்க" என்றார் சார்ஜர்காரர்.

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

இந்தச் சந்துக் கடையைத் தேடி ஆட்கள் வருவதே மூக்கக்காவின் வார்த்தைக்காகத்தான். அது பொய் என்று ஒருவர் வெளியே சொன்னால் போதும். இருந்தாலும் பில் புத்தகத்தைப் புரட்டி நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டுவிட்டார்.

டாக்டரம்மா மறுநாளே வந்தார். மூக்கக்கா சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா உறையைத் திறந்து, வளையத்திலிருந்து பேனாவை உருவினார். "தினமும் இதுலதான் சொருகுறேன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு பையிலிருந்து வளைந்த கத்தரிக்கோலை எடுத்து, தையல் பிரிப்பதுபோல் வளையத்தை நறுக்கிக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"கோவமா டாக்டரம்மா?"

"இருக்கு. வேற காட்டுங்க."

மூக்கக்கா ஒரு புது உறையை எடுத்தார். முகர்ந்து பார்க்கவில்லை. உடம்பில் ஒரு துணுக்கு, வளையத்தில் ஒரு துணுக்கு வெட்டி, கண்ணாடிமேல் தனித்தனியாக வைத்தார். 'என்னை நம்பி' என்பது வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, இடுக்கியையும் லைட்டரையும் டாக்டரம்மாவின் பக்கம் நகர்த்தினார்.