கையெழுத்துக் கேட்டால் முள்ளங்கி

பெருமாள்மலையில் நானூறு மீட்டருக்கு நேரான ரோடு கிடையாது. எங்கே நின்று பார்த்தாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு இருக்கும், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட மலையில் இருந்துகொண்டு, நேர் ரோட்டில் பைக் ஓட்டுகிற பந்தயத்தில் ஒருவர் பெயர் வாங்கினார் என்றால் அவர் கிறுக்கராகத்தான் இருக்க வேண்டும். அவர் என் தாய்மாமன். பெயர் வேலப்பன்.

அந்தப் பந்தயத்துக்கு டிராக் ரேஸ் என்று பெயர். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரியும். நானூறு மீட்டரை முதலில் தாண்டினவன் ஜெயித்தான். வளைவு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. பார்க்க வந்தவன் தும்மிவிட்டு நிமிர்ந்தால் பந்தயம் முடிந்திருக்கும். "அதுக்கு மூளை வேண்டாம்ல, அதான் உன் மாமனுக்கு ஒத்து வந்துச்சு" என்பாள் அம்மா. கூடப் பிறந்த அக்கா, சொல்லலாம்.

மாமாவுக்குச் சொந்த ஊர் மேல்மலையில் மன்னவனூர். வீட்டில் பூண்டு விவசாயம். காட்டுக்குப் போகிற மண்பாதையில்தான் வண்டி பழகினார். அந்தப் பாதையில் கிளம்பின வேகத்திலேயே நிறுத்தாவிட்டால் ஓடையில் கிடக்க வேண்டியதுதான். ஆகவே அவர் கற்றுக்கொண்டது கிளம்புவதை மட்டும். வருஷக்கணக்காகக் கிளம்பிக் கிளம்பியே பழகினார். கீழே கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயத்துக்குப் போனபோது, மற்றவர்கள் கிளட்ச்சை விடுவதற்குள் இவர் பாதி தூரம் போயிருந்தார். ஓடை எதுவும் குறுக்கே வராததால் மீதியையும் ஓட்டிவிட்டார். அவருடைய மேதைமையின் மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

கப்புகள் நிறைய வாங்கினார். இப்போது பழனி ரோடு பிரிகிற இடத்தில் டூ வீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். ஒரு கப்பில் நட்டு, இன்னொன்றில் வாஷர், கைப்பிடி உடைந்த பெரிய கப்பில் கழிவு ஆயில். நெடுநாளாக அவரை யாரும் சீந்தவில்லை. அவரும் நிம்மதியாகப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு வேலையற்ற ஆள், பழைய கேசட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டான். அதில் ஒரு ஒல்லிப் பையன் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அம்பு மாதிரி போகிறான். அது மாமா என்று கண்டுபிடித்தவன் அவர் கடை இருக்கும் இடத்தையும் போட்டுத் தொலைத்தான்.

அன்றைக்குப் பிடித்தது. சனி, ஞாயிறு ஆனால் ரசிகர்கள் பைக்கில் வந்துவிடுகிறார்கள். மெத்தையைச் சுற்றிக்கொண்ட மாதிரி ஒரு ஜாக்கெட், முட்டிக்கு ஓடு, உச்சந்தலையில் கேமரா. ரோட்டோரம் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "சார், நீங்க லெஜெண்ட் சார்" என்பார்கள்.

மாமா நிமிர்ந்து பார்க்க மாட்டார். "வண்டியத் தள்ளி நிறுத்துங்க. வேலை குடுக்குற ஆளு வர்ற வழி."

செல்பி கேட்டால் பக்கத்தில் கிடக்கிற ஸ்கூட்டர் சீட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். "ஓட்டினது வண்டி. முகத்துக்கு அங்க என்ன சோலி?"

அவர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து டிராக் ரேஸ் ஆட்கள் எல்லாரும் ஒரே அச்சு. வத்தலக்குண்டு பொன்னுச்சாமி தன்னைத் தேடி வருகிறவர்களிடம், "பொன்னுச்சாமியா? அவரு செத்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். அவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார்கள். அவரும் கூடவே நிற்பார். ஒட்டன்சத்திரம் செல்வமுருகன் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். கையெழுத்துக் கேட்டால் வெங்காய மூட்டைக்குக் குத்துகிற முத்திரைக் கட்டையை எடுத்து ஜாக்கெட் முதுகில் ஒரு குத்து. மூன்று பேரும் எப்போதாவது கூடினால் யார் யாரை எப்படி அவமானப்படுத்தினோம் என்பதுதான் பேச்சு. "ஏலே, ஓட்டத் தெரிஞ்சவன் எதுக்குலே அடுத்தவன் கையெழுத்துக்கு அலையுறான்?" என்பார் பொன்னுச்சாமி. மற்ற இரண்டு பேரும் அதை இதுவரை கேட்காத மாதிரி சிரிப்பார்கள்.

ஆனாலும் வேலைப்பாட்டில் மாமாவை யாரும் அடிக்க முடியாது. கடைச் சுவரில், "இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று எழுதியிருக்கும். கையெழுத்துக் கேட்டு வருகிற ஆளிடம், "கண்ணாடியக் காணோம். அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க" என்பார். கடகடவென்று வாசித்துவிட்டால் அவருக்கு ஒரு 'வே', பக்கத்தில் ஒரு கோடு. போய்க்கொண்டே இருக்கலாம். விழித்தால் ஆள் வெளி மாநிலம். அதற்குப் பிறகுதான் மாமா நம்பர் பிளேட் எழுதுகிற பெயிண்ட் பேனாவை எடுப்பார்.

கொச்சியிலிருந்து வந்த ஒரு டாக்டரின் ஹெல்மெட்டில், "இங்கு எச்சில் துப்பாதீர்" என்று இருக்கிறது. ஒரு ஐதராபாத்காரர் பெட்ரோல் டேங்கில் "சுரைக்காய்" என்று சுமந்துகொண்டு லடாக் வரைக்கும் போய் வந்தார். எல்லாரும் அதை மாமாவின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிர் டீக்கடைச் சின்னத்தாயி அக்காவுக்கு விஷயம் தெரியும், ஜீப் ஸ்டாண்டுக்குத் தெரியும், ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு பெங்களூர்ப் பையன் "முள்ளங்கி" என்பதை அப்படியே கையில் பச்சை குத்திக்கொண்டு படம் அனுப்பியிருந்தான். மாமா அதை வெகுநேரம் பார்த்தார். "ளகர ஒற்று சுத்தமா விழுந்திருக்கு" என்றார்.

ஒரு சனிக்கிழமை ஒரு பெண் வந்தாள். நானும் அன்று கடையில் இருந்தேன். மாமாவுக்கு அன்று காலையிலிருந்தே பித்தம் ஏறியிருந்தது. மதுரைக்காரர்கள் ஒரு கும்பலாக வந்து ரோட்டை அடைத்து நின்று, அவரைப் பெயர் சொல்லிக் கூவிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் கார்புரேட்டரைக் கழற்றி உட்கார்ந்திருக்கும்போது வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யாரோ நின்றார்கள். ஒல்லியான பெண், கையில் பழைய சிவப்பு ஹெல்மெட். பெயிண்ட் உரிந்து, ஒரே அழுக்கு.

"ஒரு கையெழுத்து வேணுங்க."

"அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்கு? வாசி."

அவள் சுவரைப் பார்த்தாள். கீழே பார்த்தாள். "எனக்குத் தமிழ் வாசிக்க வராதுங்க. பேசத்தான் வரும். பெங்களூர்ல பொறந்து வளந்தேன்."

பேச்சு சுத்தமான பழனிப் பேச்சு. வேறு யாராவது என்றால் யாரம்மா நீ, எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள். மாமா கேட்கவில்லை. ஹெல்மெட்டை வாங்கி, பின்பக்கம் திருப்பி, அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, பெரிய எழுத்தில் எழுதித் தள்ளினார்: எருமைமாடு.

அவள் எழுத்தில் படாமல் பக்கத்தில் விரலை வைத்தாள். "அழகா இருக்குங்க. இது உங்க பேருங்களா?"

"ஆமா. முழுப் பேரு."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்று, ஸ்கூட்டரை எடுத்துப் பழனி ரோட்டில் இறங்கிவிட்டாள்.

பிறகு சின்னத்தாயி அக்கா ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஆயக்குடிக் கொய்யா. "உங்களுக்குத்தான். கையில குடுத்தா திட்டுவீங்களோன்னு பயந்து என்கிட்ட குடுத்துட்டுப் போச்சு அந்தப் புள்ள. ஆயக்குடி முருகானந்தம் மகளாம், பேரு சுபஸ்ரீ. நாளைக்கு அவருக்கு அறுபதாம் கல்யாணமாம். சொந்தபந்தம் அம்புட்டுப் பேரு முன்னாடியும் அந்த ஹெல்மெட்டக் குடுக்கப் போகுதாம். ஆமா, என்ன எழுதிக் குடுத்தீங்க?"

மாமா பையைத் திறந்தார். மூடினார். கார்புரேட்டரைத் தரையில் வைத்தார். அது சாய்ந்து பெட்ரோல் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன எழுதினீங்கன்னு கேட்டேன்."

"வாயப் பொத்து சின்னத்தாயி."

கடைக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை வெளியே தள்ளினார். துடைக்கிற துணியையும் பெயிண்ட் பேனாவையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பின்னால் நான், மடியில் கொய்யாப்பழப் பை. கிளம்பினார் பாருங்கள், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி, ஜீப் ஸ்டாண்டே எழுந்து நின்றது. இணையத்தில் பார்த்த அதே ஒல்லிப் பையன். சரியாக முதல் வளைவு வரைக்கும்.

வளைவு வந்ததும் இரண்டு காலையும் தொங்கப் போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார். அடுத்த வளைவிலும் அதுவே. நேர் ரோட்டு வீரருக்குத் திரும்பத் தெரியாது. பால் வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. முட்டைக்கோஸ் ஏற்றின ஜீப் தாண்டிப் போயிற்று. காலையில் வந்த மதுரைக் கும்பல் வரிசையாகத் தாண்டிப் போயிற்று. கடைசி ஆள் வேகத்தைக் குறைத்து, தலைக்கு மேல் கேமராவோடு திரும்பி, "சார், காலத் தூக்கி மேல வைங்க சார்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"யாரு மாமா அந்த முருகானந்தம்?"

ஒரு வளைவில் காலைத் தேய்த்துத் திரும்பிவிட்டுத்தான் சொன்னார். "இப்ப வர்றானுங்களே, இவனுங்க யாரும் இல்லாத காலத்துல வருவான். எந்த ஊர்ல ரேஸ்னாலும் பஸ் புடிச்சு, பை நெறயக் கொய்யாவோட. கிளம்புற எடத்துல நிக்க மாட்டான். முடியிற எடத்துல தனியா நிப்பான். ஒவ்வொரு தடவயும் கையெழுத்துக் கேப்பான்."

"போட்டீங்களா?"

"அடுத்த கப்பு ஜெயிச்சிட்டுப் போடுறேன்னு சொல்லுவேன். ஜெயிச்சதும் மறுபடி அதையே சொல்லுவேன். அவன் மூஞ்சி போற போக்கப் பாக்கச் சிரிப்பா இருக்கும்." இன்னொரு வளைவு. "அன்னைக்கு என் கூட்டமே அவன் ஒருத்தன்தாம்லே."

கீழே அணை தெரிகிற இடத்தில் வண்டிகளை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அங்கே நின்றிருந்தாள் சுபஸ்ரீ, ஒரு கையில் சுட்ட சோளம், மறு கக்கத்தில் ஹெல்மெட். மதுரைக் கும்பலும் அங்கேதான் இருந்தது. மாமா காலைத் தேய்த்து நிறுத்தினார்.

"பாப்பா, அந்த ஹெல்மெட்டக் குடு."

"எதுக்குங்க?"

"கையெழுத்து சரியா விழல."

"நல்லாத்தான் இருக்கு."

"குடும்மா."

அவள் ஹெல்மெட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "தர மாட்டேங்க. நான் பொறக்குறதுக்கு முந்தியே எங்கப்பா கேட்ட கையெழுத்து இது. மறுபடி அடுத்த கப்பு அது இதுன்னு சொல்லுவீங்க."

மாமா சுற்றிப் பார்த்தார். கேமராக்கள் எல்லாம் இவர் பக்கம் திரும்பியிருந்தன. "அதுல எருமைமாடுன்னு எழுதியிருக்கேன்மா" என்றார்.

சோளம் பாதி வழியில் நின்றது. "எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவீங்களா?"

"வாசிக்கத் தெரியாதவங்களுக்கு."

"வாசிக்கத் தெரியாதுன்னு வெக்கத்த விட்டு உங்ககிட்ட சொன்னேனே" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மாமா பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

ஹெல்மெட்டை நீட்டினாள். மாமா துணியைப் பெட்ரோலில் நனைத்து, ஓர் ஓரத்தில் தேய்க்க ஆரம்பித்தார். அழுக்குப் போனது. அழுக்குக்கு அடியில், எழுத்துக்கும் அடியில், வீட்டுப் பெயிண்டால் தூரிகை வைத்து யாரோ எழுதின ஒன்பது. மாமாவின் பந்தய நம்பர். எருமைமாடு அதன் மேலேயே படுத்திருந்தது. இதைத் துடைத்தால் அதுவும் போகும்.

"அப்பா எழுதினதுங்க. வண்டியே கிடையாது அவருக்கு. ஹெல்மெட் மட்டும் வாங்கி வச்சிருந்தாரு."

மாமா துணியை மடித்துப் பையில் வைத்தார். பெயிண்ட் பேனாவை எடுத்து, எருமைமாட்டுக்குக் கீழே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

"இப்ப என்னன்னு போட்டிருக்கு?"

மாமா எழுத்துக்குக் கீழே நகர்ந்த அவள் விரலைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். "எருமைமாடு வேலப்பன்."

மதுரைக்காரன் ஒருவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "முழுப் பேருன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"அப்ப சரிங்க" என்று சோளத்தைக் கடித்தாள். "நாளைக்கு வந்துருங்க."

"கடையில சோலி கெடக்கு" என்றார் மாமா. போகவும் இல்லை. மறுநாள் மத்தியானம் போன் வந்தது. காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து முதலில் நாதஸ்வரம் கேட்டது, பிறகு ஒரு கிழட்டுச் சிரிப்பு, நிற்காமல். "கடைசியில நீங்களே ஒத்துக்கிட்டீங்களே" என்றது. மாமா, "சரி, சரி, வை" என்று சொல்லிவிட்டு, முருகானந்தம் வைக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இதனால் மாமா திருந்திவிட்டார் என்று யாரும் நம்ப வேண்டாம். அந்த மதுரைக்காரர்கள் எடுத்த படம் பரவியதில் இப்போது தமிழ் வாசிக்கிறவர்களும் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஒருவன் வந்து, பல்லெல்லாம் தெரிய, "சார், எனக்கும் எருமைமாடு வேலப்பன்னு எழுதிக் குடுங்க சார்" என்றான்.

மாமா அவன் வண்டியைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"அது ஒருத்தனுக்கு மட்டுந்தான்" என்றார். "உனக்கு முள்ளங்கி. வேணும்னா நில்லு."

அவன் நின்றான்.